கோமதிநாயகத்தின் போன் மும்பைக்குப் போன கதை

போலந்து நாட்டில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் ஒரு பெரிய காளான் பண்ணை. பண்ணைக்குப் பின்னால் வேலையாட்கள் தங்குவதற்கு வரிசையாக வீடுகள். கடைசி வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் குடியிருந்தார்கள்.

மூன்று பேரையும் முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் கேட்பார்கள். பண்ணையின் மேற்பார்வையாளர் மார்த்தா ஒருநாள், "நான் சொல்லும்வரை யாரும் கையுறையைக் கழற்றக் கூடாது" என்று சொன்னார். சொன்னவர் மறந்துபோய் விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார். அவர் திரும்பி வரும்வரை மூவரும் கையுறையோடுதான் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள். சாம்பார் சோற்றுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ரசம்தான் விரலில் நிற்கவில்லை.

மூவரில் நடுவயதுக்காரர் சொரிமுத்து. ஊரில் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அதனால் உலகத்தில் எந்த விஷயத்தைச் சொன்னாலும் அது எந்த வழியாகப் போகும், எங்கே நிற்கும் என்றுதான் கேட்பார். இளையவன் இசக்கியப்பன். வீட்டில் சமையல் அவன் பொறுப்பு. இளகிய மனசு. முட்டையை உடைக்கும் முன்பு அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான்.

மூன்றாவது ஆள் கோமதிநாயகம். அவனுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பெண் பெயர் செண்பகவல்லி. மொட்டைக்குளத்துப் பெண். கோமதிநாயகத்துக்கு வயது முப்பத்து நான்கு ஆகிவிட்டது. அதற்குள் அவனைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன பெண்களை எல்லாம் கூட்டி உட்கார வைத்தால் ஒரு பந்தி நிரம்பும். செண்பகவல்லி ஒருத்திதான் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சரி என்றாள்.

மாமனார் முப்பிடாதி நியாயமான மனிதர். "நகை, சாப்பாடு, மேளம் எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம் மாப்பிள்ளை. மண்டபம் மட்டும் நீங்க போட்டுருங்க" என்றார். மொட்டைக்குளத்தில் ஒரே ஒரு கல்யாண மண்டபம்தான் உண்டு. தை மாதத்துக்கான முன்பதிவு வரும் திங்கட்கிழமை மதியம் இணையத்தில் தொடங்குகிறது. தொடங்கிய வேகத்தில் எல்லா முகூர்த்தமும் போய்விடும். தையை விட்டால் கோமதிநாயகத்துக்கு அந்த வருடம் லீவு கிடையாது. அடுத்த வருடம்வரை பெண்ணை வைத்திருக்க முப்பிடாதி தயாராக இல்லை. கோவில்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே இரண்டு முறை 'சும்மா' வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"இதெல்லாம் ஒரு வேலையா மாமா? இங்க இருந்தே போனை அமுக்கிப் போட்டுருதேன்" என்று கோமதிநாயகம் வாக்குக் கொடுத்துவிட்டான். மண்டபத்தின் இணையதளத்தில் அவன் பெயருக்கு ஒரு கணக்கும் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது நண்பன் பலவேசம் தொடங்கிக் கொடுத்தது.

சனிக்கிழமை காலையில், எதற்கும் ஒருதடவை பார்த்து வைப்போம் என்று தளத்தைத் திறந்தான். மண்டபத்தின் படம் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது.

'இந்தத் தளம் நீங்கள் இருக்கும் இடத்தில் கிடைக்காது.'

கோமதிநாயகம் தான் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்தான். கட்டிலின் மேல் இருந்தான். எழுந்து சமையலறைக்குப் போனான். அங்கேயும் கிடைக்கவில்லை. குளியலறையிலும் கிடைக்கவில்லை. சொரிமுத்து, "வீட்டுக்குள்ளேயே சுத்தினா எப்படி? ஸ்டாப்புக்குப் போய்ப் பாரு" என்றார். பனியில் நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனான். பிறகு பேருந்தேறிப் பக்கத்து ஊருக்கே போய்ப் பார்த்தான். திரும்பி வந்தபோது தலையிலும் மீசையிலும் பனி அப்பியிருந்தது.

"அண்ணாச்சி, இந்த நாட்டுல நான் போற இடத்துல எல்லாம் கிடைக்கலை" என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. கோவில்பட்டி மாப்பிள்ளை காபியை ஆற்றிக் குடிப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

இசக்கியின் போனில் பலவேசத்தைக் கூப்பிட்டார்கள். பலவேசம் மொட்டைக்குளத்தில் மொபைல் கடை வைத்திருப்பவன். விவரமானவன். ஆனால் கடையில் கூட்டம் இருந்தால் அரைப் பேச்சில் வைத்துவிடுவான்.

"அது இந்தியாவுக்குள்ள மட்டுந்தாம்ல திறக்கும். ஒரு வி.பி.என். போடு. அதுல நாடு நாடா வரிசையா இருக்கும். மும்பைன்னு இருக்கிறதை அமுக்கு. உன் போன் மும்பையில இருக்கிறதா ஆயிரும். அப்புறம் தளம் திறந்துக்கிடும்."

"அப்ப நானு?"

"நீ அங்கனதாம்ல இருப்ப."

"போன் மட்டுமா போகும்?"

"போன் மட்டுந்தான். சரி, கடையில ஆள் நிக்குது" என்று வைத்துவிட்டான்.

மூவரும் நடுவில் போனை வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தனியாவா அனுப்பப்போறோம்?" என்றான் இசக்கி.

"மும்பைக்கு நேரா அமுக்கச் சொல்லுதான். அது எப்படி?" என்றார் சொரிமுத்து. "இங்கன இருந்து மும்பை எவ்வளவு தூரம்! நடுவுல ஒரு இடத்துலயாவது நிக்க வேண்டாமா? நம்ம சங்கரன்கோவில் வண்டியே வழியில டீக்கு நிக்கும்."

கோமதிநாயகத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. வி.பி.என். செயலியைப் போனில் இறக்கினார்கள். அதில் இருந்த ஊர்களை எல்லாம் சொரிமுத்து விரலால் தள்ளிப் பார்த்து ஒரு வழித்தடம் வகுத்தார். முதலில் துருக்கி. அப்புறம் துபாய். அப்புறம் மும்பை. இசக்கி போனுக்கு முழுக்கச் சார்ஜ் ஏற்றினான். "வழியில எங்க கிடைக்கும், என்ன கிடைக்கும்னு தெரியாது. வயிறு நிறைஞ்சிருக்கட்டும்" என்றான்.

துருக்கியை அமுக்கினார்கள். போன் இருந்த இடத்தில்தான் இருந்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோமதிநாயகம் மெதுவாக ஒரு சமையல் வீடியோவைத் தட்டினான். நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. புரியாத பாஷையில் ஒரு மீசைக்காரர் தரைவிரிப்பு விற்றார்.

"போயிருச்சு!" என்று இசக்கி துள்ளினான்.

போன் களைப்பாறட்டும் என்று சற்று நேரம் விட்டார்கள். அதற்குள் தாங்களும் டீ குடித்துக்கொண்டார்கள். பிறகு துபாய். அங்கே விளம்பரத்தில் தங்க வளையல் வந்தது. துபாயில் வெயில் அதிகம் என்று இசக்கி போனுக்குப் போட்டிருந்த கம்பளி உறையைக் கழற்றினான். கடைசியில் மும்பையை அமுக்கியதும் ஒரு மாமி இந்தியில் மசாலாப்பொடி விற்றாள். கோமதிநாயகம் மண்டபத்தின் தளத்தைத் திறந்தான். இரண்டு பக்கமும் சிமெண்ட் யானை நிற்க, நடுவில் மொட்டைக்குளம் கல்யாண மண்டபம் பளிச்சென்று வந்தது.

இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "யாரு துணையும் இல்லாமப் போயிருக்கு பாருங்க அண்ணாச்சி."

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து வந்ததிலிருந்து அடுத்த லீவுக்குக் காத்து நிற்கிறவன் அவன். தன்னைவிட முந்திக்கொண்டு தன் போன் இந்தியா போய்விட்டதே!

"ஆனா அண்ணாச்சி, போன் என் கையில இருக்குதே?" என்று சந்தேகம் கேட்டான்.

சொரிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "ஏல, நீ செண்பகவல்லி நினைப்புல இருக்கும்போது உன் உடம்பு எங்க இருக்கு?"

"காளான் கொட்டகையில."

"நீ எங்க இருக்க?"

"மொட்டைக்குளத்துல."

"அதேதான். இது உடம்பு. ஆள் மும்பையில."

இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்கியிருக்க முடியாது.

திங்கட்கிழமை வரை போன் மும்பையிலேயே தங்கட்டும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமதிநாயகம் தனக்கு எத்தனை மணிக்கு வேலை என்று பார்க்கப் பண்ணையின் செயலியைத் திறந்தான். 'இந்தச் செயலி உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வந்தது.

"சரிதானே. மும்பையில ஏது காளான் பண்ணை?" என்றார் சொரிமுத்து.

வேலை நேரம் தெரியாததால் கோமதிநாயகம் வேலைக்குப் போகவில்லை. மார்த்தா இசக்கியின் போனில் கூப்பிட்டார்.

"கோமதி ஏன் வரவில்லை?"

"அவரு போன் மும்பையில இருக்கு மேடம்."

"ஐயோ, தொலைத்துவிட்டாரா?"

"இல்லை மேடம். கையிலதான் வச்சிருக்காரு."

மார்த்தா போனை வைத்துவிட்டார். பிறகு அவரே நேரில் வந்து, கோமதிநாயகத்தின் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வந்தது. இந்தியாவில் மதியம் என்றால் போலந்தில் காலைக் காபி நேரம். கோமதிநாயகம் குளித்து, வேட்டி கட்டி, அதன் மேல் குளிர்கோட்டும் போட்டு, கிழக்கு முகமாக உட்கார்ந்தான். முன்பதிவு தொடங்கியது. பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டான். தளம் ஒரு கேள்வி கேட்டது.

'மும்பையிலிருந்து ஒருவர் உங்கள் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார். அது நீங்கள்தானா?'

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை'.

கோமதிநாயகத்தின் விரல் 'ஆம்' பக்கம் போனது. சொரிமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல, நீ மும்பையில இருக்கியா?"

"இல்லை அண்ணாச்சி. போன்தான் இருக்கு."

"கேட்டது போனையா, உன்னையா?"

கோமதிநாயகம் இன்னொரு தடவை படித்தான். "என்னைத்தான்."

"அப்புறம் என்ன யோசனை? கல்யாண காரியம். ஆரம்பமே பொய்யாவா இருக்கணும்?"

"நேரமாகுது அண்ணாச்சி, முகூர்த்தம் எல்லாம் போயிரப்போகுது" என்றான் இசக்கி.

கோமதிநாயகம் செண்பகவல்லியை நினைத்துக்கொண்டான். நாளைக்கு அவள், 'நம்ம மண்டபத்தை நீங்க எப்படிப் போட்டீங்க?' என்று கேட்டால், பொய் சொல்லிப் போட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மனசைத் திடப்படுத்திக்கொண்டு 'இல்லை' என்பதை அமுக்கினான்.

'உங்கள் விழிப்புணர்வுக்கு நன்றி' என்று தளம் சொன்னது.

"பாத்தியா, நன்றி சொல்லுது!" என்றார் சொரிமுத்து. மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உண்மைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெருமையில் அடுத்த வரியைக் கொஞ்சம் தாமதமாகத்தான் படித்தார்கள்.

'மும்பையில் இருக்கும் அந்த மர்ம நபரிடமிருந்து காப்பதற்காக உங்கள் கணக்கை மூடிவிட்டோம். திறப்பதற்கு மண்டப அலுவலகத்துக்கு நேரில் வரவும்.'

கோமதிநாயகம் ஜன்னலைப் பார்த்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நேரில் போவதாம்!

"போன் போகட்டுமே" என்றார் சொரிமுத்து. "மும்பையில சும்மாதானே இருக்கு. நாகர்கோவில் ரயிலைப் பிடிச்சுதுன்னா..."

"ரயிலெல்லாம் அதுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? பச்சைப்புள்ளை" என்றான் இசக்கி. "இதுவரைக்கும் பட்டனை அமுக்கி அமுக்கி நாமதானே கூட்டிட்டுப் போனோம்."

"மொட்டைக்குளம்னு ஒரு பட்டன் இருக்கா பாரு."

பார்த்தார்கள். மலேசியா இருந்தது. மெக்சிகோ இருந்தது. மொட்டைக்குளம் இல்லை.

வேறு வழியில்லாமல் மறுபடி பலவேசத்தைக் கூப்பிட்டார்கள். கோமதிநாயகம் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். பலவேசம் நடுவில் ஒருதடவை, "இரு, கடைக்கதவைச் சாத்திட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். முழுக்கக் கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"உன் மாமனார் வீடு எங்கல இருக்கு?"

"மண்டபத்துக்கு எதிர்த்தாப்புல."

அந்தப் பக்கம் கடைக்கதவைத் திறக்கிற சத்தமும் சைக்கிள் மணியும் கேட்டன. பலவேசம் போனை வைத்தது போலவும் இருந்தது, வைக்காதது போலவும் இருந்தது.

அடுத்து நடந்தது இதுதான். பலவேசம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் முப்பிடாதியிடம் சொன்னான். முப்பிடாதி பனியனோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்புகூட மாட்டாமல் தெருவைத் தாண்டி மண்டப அலுவலகத்துக்குப் போனார். தை மாதத்தில் ஒரே ஒரு முகூர்த்தம் பாக்கி இருந்தது. அதைப் போட்டுவிட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

மாலையில் அவரே இசக்கியின் போனில் கூப்பிட்டார். கோமதிநாயகம் எழுந்து நின்று பேசினான்.

"மண்டபம் போட்டாச்சு மாப்பிள்ளை. அது போகட்டும். நீங்க எங்கன இருந்து போட்டுப் பாத்தீங்க?"

"நான் போலந்துல இருந்து மாமா. போன் மும்பையில இருந்து."

முப்பிடாதி போனைக் காதிலிருந்து எடுத்தார். அதைக் கையால் மூடிக்கொண்டு, மூடினால் கேட்காது என்ற நம்பிக்கையில் வீட்டாரிடம் சொன்னார்: "பையனுக்குப் பொய் சொல்ல வராது. அந்த மட்டுக்கும் நிம்மதி."

பின்னாலிருந்து செண்பகவல்லியின் சிரிப்பு கேட்டது. "கோவில்பட்டிக்காரங்களை இனிமே காபி குடிக்க வர வேண்டாம்னு சொல்லிருங்கப்பா" என்றாள். கோமதிநாயகத்தின் குளிரெல்லாம் போய்விட்டது.

மண்டபம் கிடைத்தது. போன்தான் மும்பையிலேயே நின்றுவிட்டது.

"துண்டிச்சா திரும்பி வந்துரும்" என்றான் இசக்கி.

"விசா?" என்றார் சொரிமுத்து. மற்ற இருவரும் திடுக்கிட்டார்கள். "போகும்போது நம்ம நாட்டுக்குப் போச்சு, யாரும் கேக்கலை. வரும்போது போலந்துக்காரன் கேக்க மாட்டானா? எனக்கு விசா வாங்க நான் எவ்வளவு அலைஞ்சேன்!"

ஆக, போன் மும்பையிலேயே இருக்கட்டும், கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கோமதிநாயகமே கூட்டிவந்துவிடலாம் என்று தீர்மானமானது. அதுவரை அவனுடைய வேலை நேரத்தை மார்த்தா ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். காரணம் கேட்பதை அவர் நிறுத்தியிருந்தார்.

கல்யாணத்துக்குக் கிளம்பும் நாள் வந்தது. கோமதிநாயகம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, போனை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனான்.

"அதை எதுக்கு எடுக்க?" என்றார் சொரிமுத்து.

"மாமா வழியில கூப்பிடுவாரு அண்ணாச்சி."

"மும்பையில ஏற்கெனவே உனக்கு ஒரு போன் இருக்கு. இதையும் கொண்டு போனா ரெண்டு ஆயிரும். ரெண்டு போன் கொண்டு போனா கஸ்டம்ஸ்ல பிடிச்சு உக்கார வச்சிருவான். முகூர்த்தம் போயிரும்."

முகூர்த்தம் என்றதும் கோமதிநாயகம் போனை எடுத்த வேகத்தில் அலமாரியில் வைத்துவிட்டான். இசக்கி அதற்குச் சார்ஜர் மாட்டிவிட்டான்.

விமான நிலையத்தில் டிக்கெட் கேட்டார்கள். "போன்ல இருக்கு. போன் எனக்கு முந்தியே மும்பை போயிருச்சு" என்றான். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டாள்.

கல்யாணம் குறித்த நாளில் குறித்த மண்டபத்தில் நல்லபடியாக நடந்தது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், மும்பை விமான நிலையத்தில் கோமதிநாயகம் நின்ற நிலையைப் பார்த்து யாருக்கும் கவலை வந்துவிடும்.

மதுரை விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கோமதிநாயகம் நாற்காலிக்கு அடியில் பார்த்தான். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பார்த்தான். காணாமல்போன பொருட்களை வைத்திருக்கும் இடத்தில் போய், "என் போன் இங்க வந்து ரொம்ப நாளாச்சு, எங்க தங்கியிருக்கு?" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டான். அவர்கள் ஒரு குடையை எடுத்துக் காட்டினார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மதுரைக்காரர் இரக்கப்பட்டார். "உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க தம்பி. எங்க இருக்கோ அங்க அடிக்கும்" என்று தன் போனைக் கொடுத்தார்.

கோமதிநாயகம் தன் நம்பரைப் போட்டான். மணி அடித்தது.

"அடிக்குதுங்க! இங்கனதான் எங்கேயோ இருக்கு!" என்று காதைத் தீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ?" என்றது பழகிய குரல்.

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏல இசக்கி! நீ எப்பல மும்பைக்கு வந்த?"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. யாரோ எழுந்து ஜன்னல் வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிற சத்தம் கேட்டது.

"தெரியலையே அண்ணாச்சி" என்றான் இசக்கி, குரலைத் தாழ்த்தி. "சொரிமுத்து அண்ணாச்சியும் கூடத்தான் வந்திருக்காவ. ஆனா மும்பையில இப்படிப் பனி கொட்டும்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலையே!"